ஒன்பதாம் எண்ணைக் கூப்பிடும்போது: பள்ளிக்குப் புதிதாக வரும் ஆசிரியருக்கு

முதல் நாள். வருகைப் பதிவேட்டைத் திறந்து எண் சொல்லிக் கூப்பிடுகிறீர்கள். ஏழு, எட்டு வரை ஒன்றும் நடக்காது. "ஒன்பது" என்றதும் கடைசி பெஞ்சில் 'க்ளுக்' என்று ஒரு சிரிப்பு. அந்த எண்ணுக்குரிய பையன் "உள்ளேன் மிஸ்" என்று சொல்லும் குரல் மற்றவர்கள் குரலைவிடச் சின்னதாக இருக்கும். தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. அந்த எண் ஒரு வசவு. பெண்சாயல் உள்ள பையன், குரல் உடையாத பையன், கபடிக்கு வராமல் படியில் உட்கார்ந்திருக்கும் பையன் எல்லாருக்கும் அந்த எண்தான் பெயர்.

நான் 22 வருடமாக அறிவியல் ஆசிரியை. ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை எல்லா வகுப்புகளும் எடுத்திருக்கிறேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கும், முதன்முதலாக வகுப்பாசிரியர் பொறுப்பு ஏற்பவர்களுக்கும்தான் இதை எழுதுகிறேன். தன்பாலீர்ப்பாளர், திருநர் போன்றவர்களைச் சேர்த்துச் சொல்லும் எல்ஜிபிடிக்யூ என்ற சொல்லைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். நம் வகுப்பில் அப்படி யாரும் இல்லை என்றும் நினைத்திருப்பீர்கள். இருக்கிறார்கள். உங்களிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான். இவர்களுக்காகச் சென்னையில் வேலை செய்யும் சகோதரன் அமைப்போடு சேர்ந்து யுனெஸ்கோ தமிழ்நாட்டில் செய்து 2019-ல் வெளியிட்ட ஆய்வில் கலந்துகொண்ட இவர்களில், நடுநிலை, உயர்நிலை வகுப்புகளில் அடி உதை பட்டதாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 60 சதவீதம். பள்ளியில் புகார் செய்தவர்கள் 18 சதவீதம்தான். மற்றவர்கள் ஏன் சொல்லவில்லை என்பது நம்மைப் பற்றிய கேள்வி.

இந்த வேலையில் பாதி, வாயைத் திறக்க வேண்டிய இடத்தில் திறப்பது. மீதிப் பாதி, மூட வேண்டிய இடத்தில் மூடிக்கொள்வது. புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வகுப்பே சிரிக்கும்போது காதில் விழாத மாதிரி இருந்துவிட்டு, ஒரு பிள்ளை தனியாக வந்து சொன்னதும் வீட்டுக்குப் போன் போடுகிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்த ஒன்பதுக்கு வழி: எண் சொல்லாதீர்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். 45 பேருக்கு ஒன்றரை நிமிடம் கூடுதலாகும். பிள்ளைகளின் பெயரும் உங்களுக்குச் சீக்கிரம் மனப்பாடமாகும். இதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை, சுற்றறிக்கையும் தேவையில்லை.

மூன்று விஷயத்தைக் குழப்பாதீர்கள்

யார்மேல் ஈர்ப்பு வருகிறது என்பது ஒன்று. தன்னை ஆணாக உணர்கிறோமா, பெண்ணாக உணர்கிறோமா, இரண்டிலும் அடங்காமல் உணர்கிறோமா என்பது வேறு. பிறக்கும்போதே உடற்கூறு ஆண், பெண் என்ற இரண்டு அச்சிலும் சரியாகப் பொருந்தாமல் இருப்பது மூன்றாவது. முதலாவதில் தன்பாலீர்ப்பாளர்கள், இருபாலீர்ப்பாளர்கள் வருவார்கள். இரண்டாவதில் திருநங்கை, திருநம்பி உள்ளிட்ட திருநர். மூன்றாவது ஊடுபாலினர். எல்லாருக்குமாகச் சேர்த்துச் சொல்வதற்குப் பால்புதுமையினர் என்ற சொல் புழக்கத்துக்கு வந்திருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றம் வற்புறுத்தியதால் தமிழ்நாடு அரசு இந்தச் சொற்களையெல்லாம் தொகுத்து 2022-ல் அரசிதழிலேயே வெளியிட்டது. ஆகவே "இதுக்கெல்லாம் தமிழ்ல வார்த்தையே கிடையாது சார்" என்று ஸ்டாஃப் ரூமில் யாராவது சொன்னால், இருக்கிறது என்று சொல்லுங்கள்.

இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது உங்களுக்காக. பிள்ளைகளை இந்தப் பெட்டிகளில் போட்டு அடுக்குவதற்கு அல்ல. நளினமாக நடக்கிற பையன் திருநங்கையாகவும் இருக்கலாம், தன்பாலீர்ப்பாளனாகவும் இருக்கலாம், சும்மா நளினமாக நடக்கிற பையனாகவும் இருக்கலாம். கண்டுபிடிப்பது நம் வேலை இல்லை. மூன்று பேருக்கும் பாதுகாப்பு ஒன்றுதான்.

வாயில் வருகிற சொல்

தமிழில் ஒரு வசதி இருக்கிறது. நேருக்கு நேர் பேசும்போது 'நீ' என்பதில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. 'நான் வந்தேன்' என்பதிலும் இல்லை. சிக்கல் வருவது 'டா', 'டி' போடும்போதும், ஆள் இல்லாத இடத்தில் 'வந்தான்', 'வந்தாள்' என்று பேசும்போதும்தான். ஆகவே ஒரு பிள்ளைக்கு 'டா' பிடிக்கவில்லை என்று தெரிந்தால் அதை விட்டுவிடுங்கள். பெயர் போதும், 'பா' போதும், 'கண்ணு' போதும். ஸ்டாஃப் ரூமில் பேசும்போது 'அவர்' என்று சொல்லிப் பாருங்கள். முதல் வாரம் நாக்கு இடறும், அப்புறம் பழகிவிடும்.

'அது' என்பது மட்டும் எக்காரணம் கொண்டும் கூடாது. "அது வருது பாரு" என்று பிள்ளைகள் சொல்வது வீட்டிலும் தெருவிலும் கேட்டுப் பழகியது. தமிழாசிரியர் யாராவது இதைப் படித்தால் அவருக்கு ஒரு வேலை தருகிறேன். ஆண்மை திரிந்தவர்களைக் குறிக்கும் பெயரைத் தொல்காப்பியம் கிளவியாக்கம் என்ற இயலில் உயர்திணையில்தான் வைத்திருக்கிறது. திணை நடத்தும் அன்றைக்கு இதையும் சேர்த்து நடத்துங்கள். இலக்கண வகுப்பில் பத்து நிமிடம். 'அது' என்று சொல்வது மரியாதைக் குறைவு மட்டுமில்லை, இலக்கணப் பிழையும்கூட என்று சொன்னால் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே மறுநாள் ஒருத்தரை ஒருத்தர் திருத்துவார்கள். எங்கள் பள்ளியில் நடந்தது.

நம் வாயையும் பார்த்துக்கொள்ள வேண்டும். "பொம்பளை மாதிரி அழாதே", "ஆம்பளையா லட்சணமா நில்லு", "ரெண்டு பேரும் என்ன புருஷன் பொண்டாட்டியா, தள்ளி உட்காருங்க" - இதெல்லாம் ஆசிரியர்கள் சொல்வதுதான். நானும் சொல்லியிருக்கிறேன். நாம் ஒரு தடவை சொன்னால் வகுப்புக்கு அது அனுமதிச் சீட்டு. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவில், அடிப்பதோடு மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்திருக்கிறது என்பதை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம்.

சிரிப்பை நிறுத்துவது எப்படி

கிண்டல் காதில் விழுந்த அந்த நொடியிலேயே நிறுத்துங்கள். சின்னதாக, சட்டென்று. "அந்தச் சொல் இந்த வகுப்பில் வேண்டாம்." சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடருங்கள். இருபது நிமிடம் அறிவுரை சொன்னால், எல்லாரும் திரும்பி அந்தப் பிள்ளையைத்தான் பார்ப்பார்கள்.

"சும்மா ஜாலிக்குத்தான் மிஸ், அவனே கோவிச்சுக்க மாட்டான்" என்று பதில் வரும். கட்டாயம் வரும். அப்போது அந்தப் பையனைப் பார்த்து "உனக்குக் கோபமா?" என்று கேட்டுவிடாதீர்கள். பாவம், அவன் என்ன சொல்வான்? "இல்ல மிஸ்" என்பான். கேஸ் முடிந்தது. நான் சொல்வது இதுதான்: "அவன் கோவிச்சுக்கறானாங்கறது இல்லப்பா விஷயம். நான் கோவிச்சுக்கறேன்." சுமையை அவன் தோளிலிருந்து இறக்கி நம் தோளில் வைத்துக்கொள்வது.

செய்யக் கூடாதவை இன்னும் இரண்டு. பாதிக்கப்பட்ட பிள்ளையை எழுப்பி நிறுத்தி "இனிமே யாராவது சொன்னா என்கிட்ட வந்து சொல்லு" என்று எல்லார் முன்னாலும் சொல்வது. கிண்டல் செய்தவனை இழுத்து வந்து கைகுலுக்க வைப்பது. முதலாவது அவனைக் கோள்மூட்டி ஆக்குகிறது. இரண்டாவதை மதிய இடைவேளையில் மறுபடி நடித்துக் காட்டிச் சிரிப்பார்கள்.

அன்றைக்கே அந்தப் பிள்ளையிடம் தனியாக ஒரு வார்த்தை பேசுவது அவசியம்தான். ஆனால் அதற்கு ஒரு சாக்கு வேண்டும். "நோட்டையெல்லாம் ஸ்டாஃப் ரூமுக்கு எடுத்துட்டு வா" என்பது நல்ல சாக்கு. வராந்தாவில் நடந்துகொண்டே பேசலாம், முகம் பார்க்க வேண்டியதில்லை. "காலையில நடந்தது எனக்குப் பிடிக்கல. இது அடிக்கடி நடக்குதா?" அவ்வளவு போதும். பதில் வராவிட்டாலும் பரவாயில்லை.

தொடர்ந்து செய்கிறவர்கள் வகுப்புக்கு இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள். மற்றவர்கள் பார்வையாளர்கள். ஒரு சின்ன நோட்டில் தேதி, இடம், சொன்ன சொல் மூன்றையும் குறித்து வையுங்கள். மூன்றாவது தடவை அவர்கள் வீட்டாரைக் கூப்பிட வேண்டியிருக்கும், அப்போது "எப்பவும் இப்படித்தான்" என்று பொத்தாம் பொதுவாகப் பேசாமல் தேதியோடு பேசலாம். அந்தப் பெற்றோரிடம் பேச வேண்டியது அவர்கள் பையன் செய்ததை மட்டும். "ஒரு மாதிரியான பையன் ஒருத்தன் இருக்கான், அவனை உங்க பையன் கிண்டல் பண்றான்" என்று சொன்னால் அன்று மாலையே அது ஊருக்குள் போய்விடும்.

வகுப்புக்கு வெளியே உங்கள் கண்ணில் படாத இடங்கள் மூன்று: கழிப்பறை, பேருந்து, வாட்ஸ்அப். ரீல்ஸில் ஆடிய ஒரு வீடியோவைச் சுட்டு வகுப்புக் குழுவில் போட்டு, கீழே ஒன்பது ஒன்பதாக எண் போடுவார்கள். குழுவில் நீங்கள் இல்லாவிட்டாலும், மறுநாள் காலை ஒரு பிள்ளை தனியாக உட்கார்ந்திருந்தால் என்னவோ நடந்திருக்கிறது என்று அர்த்தம். அரசுப் பள்ளியாக இருந்தால் பிள்ளைகள் புகார் எழுதிப் போடும் 'மாணவர் மனசு' பெட்டி இருக்கும். அதை யார் திறக்கிறார்கள், எந்தக் கிழமை திறக்கிறார்கள் என்று விசாரியுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் அதன் சாவி எங்கே இருக்கிறது என்றே யாருக்கும் தெரியவில்லை.

ஒரு பிள்ளை உங்களிடம் சொன்னால்

நேராக வந்து சொல்வது அபூர்வம். "மிஸ், என் ஃபிரெண்டு ஒருத்தன் இருக்கான், அவனுக்குப் பொண்ணுங்களையே பிடிக்காதாம்..." என்றுதான் ஆரம்பிக்கும். அந்த ஃபிரெண்டை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். "அது நீதானே?" என்று சிரித்துக்கொண்டே கேட்டால் கதவு சாத்திக்கொள்ளும். "அவன்மேல தப்பு எதுவும் இல்லைன்னு மிஸ் சொன்னாங்கன்னு உன் ஃபிரெண்டுகிட்ட சொல்லு. பேசணும்னா எப்ப வேணா வரலாம்னும் சொல்லு." அந்தச் செய்தி போக வேண்டிய இடத்துக்கு அங்கேயே, அப்போதே போய்ச் சேர்ந்துவிடும்.

நேராகவே சொன்னால், முதலில் உங்கள் முகத்தைக் கவனியுங்கள். பிள்ளைகள் சொல்லைக் கேட்பதற்கு முன்னால் முகத்தைத்தான் படிப்பார்கள். அப்புறம்: "என்கிட்ட சொன்னது நல்லது." "இது யாருக்கெல்லாம் தெரியும்?" "யாராவது தொந்தரவு பண்றாங்களா?" "நான் என்ன செஞ்சா உனக்கு உதவியா இருக்கும்?" இந்த நான்கும் போதும். யாருக்கெல்லாம் தெரியும் என்ற கேள்வி முக்கியம், ஏனென்றால் அந்த வட்டத்துக்கு வெளியே நீங்கள் ஒரு சொல்கூடச் சொல்லக் கூடாது. "இந்த வயசுல அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாயிடும்" என்று ஆறுதல் சொல்லாதீர்கள். அது ஆறுதல் இல்லை. "நிச்சயமாத் தெரியுமா?" என்றும் கேட்காதீர்கள். இதைச் சொல்வதற்கு முன்னால் அந்தப் பிள்ளை ஆறு மாதமோ இரண்டு வருடமோ தன்னையே அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கும்.

இப்போது என் கதை. பல வருடங்களுக்கு முன்னால், வேறொரு பள்ளியில். செல்போன் பிடிப்பதற்காகப் பைகளைச் சோதித்தோம். பிளஸ் ஒன் மாணவி ஒருத்தியின் விலங்கியல் ரெக்கார்டு நோட்டுக்குள் இரண்டு பக்கக் கடிதம் இருந்தது. பக்கத்து வகுப்புப் பெண்ணுக்கு எழுதியது. மோசமாக ஒன்றும் இல்லை. உன் கையெழுத்து பிடிக்கும், நீ சிரிக்கும்போது கண் சின்னதாகிவிடுகிறது, இப்படி. ஒரு பையனுக்கு எழுதியிருந்தால்கூட நான் கிழித்துப் போட்டுவிட்டுத் திட்டியிருப்பேன், அவ்வளவுதான். இது ஏதோ பெரிய விஷயம், அம்மாவுக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். நல்ல எண்ணத்தில்தான். அந்த அம்மா வந்தார், நின்றபடியே படித்தார், ஒன்றும் பேசாமல் நாலாக மடித்து மணிபர்ஸுக்குள் வைத்துக்கொண்டார். திங்கட்கிழமை அவள் வரவில்லை. இரண்டு வாரம் கழித்து சித்தப்பா ஒருவர் வந்து டி.சி. வாங்கிப் போனார். மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். வயது பதினாறு. குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குக் கூப்பிட்டால் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கலாம் என்பதுகூட அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. அவளுடைய ரெக்கார்டு நோட்டு அந்த வருடம் முடியும்வரை என் மேசையில் கிடந்தது. தவளையின் இதயம் பாதி வரைந்திருந்தது.

கடிதத்தை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு நோட்டை மூடியிருக்க வேண்டும். வேறு ஒன்றும் செய்திருக்க வேண்டியதில்லை.

வீட்டில் சொல்வதா வேண்டாமா, எப்போது, யாரிடம் என்பது அந்தப் பிள்ளையின் முடிவு. பெற்றோருக்குத் தெரிவிப்பது கடமை இல்லையா என்று கேட்பீர்கள். மார்க் குறைந்தால் தெரிவியுங்கள், பள்ளிக்கு மட்டம் போட்டால் தெரிவியுங்கள். இது குற்றமும் இல்லை, நோயும் இல்லை. தெரிவிக்கும்படி எந்த விதியும் சொல்லவில்லை. "நல்ல குடும்பம், புரிந்துகொள்வார்கள்" என்ற நம் கணிப்புக்கு ஒரு பிள்ளையின் படிப்பைப் பணயம் வைக்க முடியாது.

வாயை மூட முடியாத இரண்டு நேரங்கள்

இதைப் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். "இது நமக்குள்ளதான். ஆனா உன் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்துன்னா மட்டும் நான் இன்னொருத்தரைக் கூப்பிடுவேன். அப்பவும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான்."

ஒன்று, யாராவது பாலியல் தொல்லை கொடுக்கிறார் என்று தெரிந்தால். 18 வயதுக்குக் கீழே ஆண், பெண், திருநர் யாராக இருந்தாலும், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டம் பொருந்தும். தெரிந்தும் தெரிவிக்காமல் விடுவதே அந்தச் சட்டப்படி குற்றம். நளினமான பையன்களைக் குறிவைக்கிற ஆட்கள் உண்டு. வீட்டில் சொன்னால் எல்லாம் தெரிந்துவிடும் என்று அந்தப் பையன் வாய் திறக்க மாட்டான் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். புகாரில் எழுத வேண்டியது நடந்த தொல்லையை. பையன் யார்மேல் ஈர்ப்பு உள்ளவன் என்பதை அல்ல.

இரண்டு, உயிரை விட்டுவிடலாம் என்ற பேச்சு. "செத்துப் போயிடலாம்னு தோணுது" என்றால் "அப்படியெல்லாம் பேசக்கூடாது" என்று அடக்காதீர்கள். எப்போதிலிருந்து தோன்றுகிறது, எப்படிச் செய்வதென்று யோசித்திருக்கிறாயா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. அன்றைக்கு அந்தப் பிள்ளையைத் தனியாக விடக் கூடாது. மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416, நாள் முழுக்க இருக்கும், தமிழில் பேசலாம். பள்ளி மாணவர்களுக்கான 14417-உம், 1098-உம் வகுப்புச் சுவரில் எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி இருக்கட்டும். தேர்வு அட்டவணைக்குப் பக்கத்தில் ஒட்டினால் நல்லது. அங்கே நின்று படித்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

கழிப்பறை, சீருடை, பி.டி. பீரியட்

காலையிலிருந்து சாயங்காலம் வரை தண்ணீரே குடிக்காத பிள்ளையைப் பார்த்தால், கழிப்பறையைப் போய்ப் பாருங்கள். ஆண்கள் கழிப்பறையில் பாதிக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்காது. தொல்லை நடப்பதே அங்கேதான். நான் பார்த்த பள்ளிகளில் சாய்தளத்தோடு மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கென்று ஒரு தனிக் கழிப்பறை இருக்கும், அது பூட்டிக் கிடக்கும், உள்ளே துடைப்பமும் பழைய பெஞ்சும் இருக்கும். அதைச் சுத்தம் செய்து, தாழ்ப்பாள் போட்டு, தேவைப்படும் எந்தப் பிள்ளையும் போகலாம் என்று ஆக்குங்கள். யாருக்காகக் கட்டினார்களோ அந்தப் பிள்ளைகளுக்குத்தான் முதல் உரிமை. பலகை எதுவும் மாட்டாதீர்கள். எங்கள் பள்ளியில் சாவி ஆய்வகத்துக்கு வெளியே ஆணியில் தொங்குகிறது. யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்பதுதான் முக்கியம். எச்.எம். அறையில் போய்ச் சாவி கேட்க வேண்டுமென்றால் எந்தப் பிள்ளையும் போகாது.

சீருடையும் முடியும் உங்கள் கையில் இல்லை. எச்.எம். கையில் இருக்கிறது. நீங்கள் செய்யக்கூடியது, முடி நீளமாக இருக்கிறது என்று வழிபாட்டில் எல்லார் முன்னாலும் கத்தரிக்கோல் எடுக்கிறவரைத் தடுப்பது. பி.டி. பீரியடில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்று பிரிக்காமல் பிறந்த மாதத்தை வைத்துப் பிரித்தால் ஆட்டமும் நன்றாக இருக்கும். சட்டையைக் கழற்றிவிட்டு ஓடச் சொல்வது வேண்டாம். சுற்றுலா, முகாம் என்றால் யார் யாரோடு தங்குவது என்பதைப் பிள்ளையிடம் முன்கூட்டியே தனியாகக் கேட்டுவிடுங்கள்.

எச்.எம். அறைக்குள் போகும்போது

தனி ஆளாக எதுவரை போகலாம் என்றால், மேலே சொன்னதில் பெரும்பாலானவற்றைச் செய்யலாம். கழிப்பறைக்கும் பதிவேட்டுக்கும் தலைமையாசிரியர் வேண்டும். அங்கே போய் உரிமை, விடுதலை என்று ஆரம்பித்தால், "டீச்சர், ஏற்கெனவே எமிஸ் வேலை தலைக்கு மேல இருக்கு" என்று, இணையத்தில் மாணவர் விவரம் ஏற்றும் வேலையைக் காட்டி முடித்துவிடுவார். தீர்ப்பிலிருந்து ஆரம்பியுங்கள்.

2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஓர் உத்தரவு போட்டார். ஒருவரையொருவர் விரும்பி, மதுரையிலிருந்து சென்னைக்கு வந்துவிட்ட இரண்டு பெண்கள், பெற்றோரிடமிருந்தும் போலீஸிடமிருந்தும் பாதுகாப்பு கேட்டுத் தொடுத்த வழக்கு அது. பள்ளி, கல்லூரிகளுக்கு அதில் பரிந்துரைத்தவை: பாலினப் பாகுபாடு இல்லாத கழிப்பறை, திருநர் மாணவரின் பெயரையும் பாலினத்தையும் கல்வி ஆவணங்களில் மாற்றிக்கொள்ள வசதி, சேர்க்கைப் படிவத்தில் திருநர் என்ற கட்டம், இந்தப் பிள்ளைகளைப் புரிந்த ஆலோசகர், பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் பெற்றோரிடம் இதைப் பேசுவது. அதே வழக்கில், ஆளை மாற்றிவிடுகிறேன் என்று செய்யும் 'சிகிச்சை'க்கும் தடை விதித்தார். எனக்கு இந்த வழக்கில் பிடித்தது வேறொன்று. தனக்கு இந்த விஷயத்தில் போதிய புரிதல் இல்லை என்று அந்த நீதிபதியே வெளிப்படையாக ஒத்துக்கொண்டு, ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு, அதன் பிறகுதான் உத்தரவு எழுதினார். எச்.எம்.மிடம் இதைச் சொல்லுங்கள். "நீதிபதியே கத்துக்கிட்டுத்தான் எழுதினார் சார்" என்றால் யாருக்கும் தன்மானம் இடிக்காது.

திருநர் பாதுகாப்புச் சட்டம் 2019-ல் வந்தது. கல்வி நிலையங்களில் பாகுபாடு கூடாது, விளையாட்டிலும் மற்றவற்றிலும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அது சொல்கிறது. திருநர் என்ற அடையாளச் சான்றிதழ் வாங்குவதற்கான விதிமுறை மாறக்கூடியது. 18 வயது ஆகாத பிள்ளைக்குப் பெற்றோர் சம்மதமும் வேண்டியிருக்கும். ஆகவே மாவட்ட சமூக நல அலுவலகத்தில் அன்றைய நிலவரத்தைக் கேட்டுவிட்டு அப்புறம் பிள்ளையிடம் பேசுங்கள். சான்றிதழ் வரும்வரை பதிவேட்டில் பழைய பெயர்தான் இருக்கும். வகுப்பில் வேறு பெயர் சொல்லிக் கூப்பிடுவதை எந்தப் பதிவேடும் தடுக்காது. நம் வகுப்புகளில் 'குட்டி', 'பாப்பா' என்று வீட்டுப் பெயரால் கூப்பிடப்படுகிற பிள்ளைகள் எத்தனை பேர்! ஆனால் எந்தப் பெயர் எந்த இடத்தில் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வகுப்பில் ஒரு பெயர், பெற்றோர் கூட்டத்தில் ஒரு பெயர் என்று இருக்கலாம். ரிப்போர்ட் கார்டில் மறந்து எழுதிவிட்டால் வீடு வரைக்கும் போய்விடும்.

மேலிருந்து கையேடு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 2021-ல் மத்திய அரசின் கல்வி ஆராய்ச்சி, பயிற்சி அமைப்பான என்சிஇஆர்டி, திருநர் குழந்தைகளைப் பள்ளியில் அரவணைப்பது பற்றி ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சிக் கையேடு வெளியிட்டது. எதிர்ப்பு வந்ததும் சில நாட்களிலேயே இணையதளத்திலிருந்து எடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்குத் தெரிந்துவிட்டால்

சில நேரம் நம்மை மீறித் தெரிந்துவிடும். அப்பா கோபமாக வருவார், அம்மா அழுதுகொண்டே வருவார். தனித்தனியாகப் பேச முடிந்தால் நல்லது. அவர்கள் முதலில் கேட்பது, "எந்த டாக்டர்கிட்ட காட்டலாம் டீச்சர்?" அல்லது, எந்தக் கோயில். உலக சுகாதார நிறுவனம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து 1990-லேயே எடுத்துவிட்டது, மாற்றிக் காட்டுகிறேன் என்று வைத்தியம் செய்வது தொழில் ஒழுங்கீனம் என்று 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் அறிவித்திருக்கிறது, அப்படிச் சொல்லிப் பணம் வாங்குகிறவரிடம் போகாதீர்கள். இதை அமைதியாகச் சொல்லுங்கள். ஒரே நாளில் ஏற்றுக்கொள்ளச் சொல்லாதீர்கள். நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "பரீட்சை முடியறவரைக்கும் படிப்பை நிறுத்தாதீங்க. அடிக்காதீங்க." அந்த வாக்கை வாங்கினால் பாதி வெற்றி. அடுத்த சந்திப்பில், இதே நிலையில் இருந்த மற்ற பெற்றோரைப் பற்றிச் சொல்லலாம். பால்புதுமையினருக்கான, சென்னையைச் சேர்ந்த ஓரினம் குழு பெற்றோருக்கான தகவல்களைத் தமிழிலேயே இணையத்தில் வைத்திருக்கிறது.

பாடத்துக்குள் இதைக் கொண்டுவருவது பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், ஏனென்றால் அது உங்கள் பாடத்தைப் பொறுத்தது. பத்மஸ்ரீ பெற்ற நர்த்தகி நடராஜ், காவல் உதவி ஆய்வாளர் ஆன பிரித்திகா யாஷினி என்று உதாரணம் சொல்வது நல்லதுதான். ஆனால் சாதித்தால்தான் மரியாதை என்ற எண்ணம் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சுமாராகப் படிக்கிற பிள்ளைக்கும் கழிப்பறைத் தாழ்ப்பாள் வேண்டும்.

கடைசியாக, ஜூன் மாதம். வகுப்பு மாறும், வகுப்பாசிரியர் மாறுவார். "அந்தப் பிள்ளையைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க சார், விஷயம் என்னன்னா..." என்று புது ஆசிரியரிடம் ஒப்படைக்க நமக்குக் கை பரபரக்கும். ஏப்ரலிலேயே பிள்ளையிடம் கேட்டுவிடுங்கள்: அடுத்த வருடம் யாரிடமாவது சொல்லட்டுமா, சொன்னால் எவ்வளவு சொல்லட்டும்? போன வருடம் ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "யார்கிட்டயும் வேணாம் மிஸ். அந்தச் சாவியை மட்டும் அங்கேயே இருக்கச் சொல்லுங்க" என்றது.